பக்கவாட்டில் மூன்று அடி

போன் திரையில் ஒன்பது கட்டம் போட்டுத் தந்தவன்
துசியந்தன். மாங்குளம் சந்தியில்
கலியாண அல்பம் அடிக்கிற கடையில் வேலை.
"கோடு கோட்டை வெட்டுற இடத்தில
ஆளை வையுங்கோ அக்கா.
நட்டநடுவில வையாதேங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது.
விடிய ஆறரையிலிருந்து கோட்டுக்குள்தான் இருக்கிறேன்.
ஒரு மீற்றர் அகலம், இரண்டு பக்கமும் கயிறு,
சிவப்புத் தடி, முழங்கால் றப்பரில் ஊறின வியர்வை.
கருவி கத்தினால் நிற்பேன்.
கத்தாவிட்டாலும்
இன்னொருக்கால் தடவிப் பார்ப்பேன்.

அங்கே மனம் சொல்வதை யாரும் கேட்பதில்லை.
"இதுக்குள்ள ஒண்டும் இராது போல" என்று
பயிற்சியின் இரண்டாம் நாள் யசிந்தா சொல்ல
றொபின்சன் அண்ணை அன்று முழுக்க அவளைத்
தண்ணீர்த் தாங்கியடியில் இருத்திவிட்டார்.
போல என்ற சொல்லுக்கு
எங்கள் வேலையில் இடமில்லை.

ஒன்றரைக்குப் பெட்டி திறந்து
போனைத் திருப்பித் தருவார்கள்.
வான் வரும்வரை படம் எடுப்பேன்.
பாலைமரம். முறிகண்டிப் பக்கம் போகிற ரயில்.
முகக்கண்ணாடி பதித்த வரியோடு யசிந்தாவின் நெற்றி.
குளக்கட்டு வேலியில்
காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டைகள்.

நானூறு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு
துசியந்தன் கேட்டான்:
"ஏன் அக்கா எல்லாத்தையும்
நேர நிண்டே எடுத்திருக்கிறியள்?
கொஞ்சம் பக்கத்தால போனால் என்ன?"

அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.
காட்சி அடங்காவிட்டால் பின்னால் போவேன்,
வந்த தடத்திலேயே, அடிக்கு மேல் அடி வைத்து.
பின்னால் உள்ளது பார்த்து முடித்த நிலம்.
பக்கத்துக்கு என் கால் போகாது.
தார் றோட்டிலும் போகாது.
மச்சாளின் மகளுடைய சாமத்திய வீட்டில்
மண்டபத்து மாபிளிலும் போகவில்லை.
குத்துவிளக்கு மறைத்த பிள்ளையை
விளக்கோடேயே எடுத்தேன்.

புரட்டாதியில் காணியைக் கையளித்தார்கள்.
கூடாரம், கதிரை, சோடா, பேச்சு.
பேச்சு முடிய முதலே
காணிக்காரி பூரணம்
மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டா.
தடி பிடுங்கின துளைகள் இன்னும் மூடவில்லை.
நாலு மாதம் நாங்கள் முழங்காலில் போன தூரத்தை
மாடு மூத்திரம் பெய்துகொண்டே கடந்தது.

கயிறு இழுபட்டது. பூரணத்தின் கை
திரையை விட்டு வெளியேறப் பார்த்தது.
வெய்யில் ஒரு கணம் மாட்டின் முதுகில் நின்றது.
நான் கட்டம் பார்க்கவில்லை.
அமத்திவிட்டேன்.

போனை இறக்கின பிறகுதான் குனிந்தேன்.
ஈர மண்ணில் செருப்பின் அச்சு,
பக்கவாட்டில்,
மூன்று.
யாரோ நடந்திருக்கினம் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

படத்தில் மாட்டின் பின்பக்கமும் வாலும்.
இடது ஓரத்தில் ஒரு கை, கொஞ்சக் கயிறு.
மற்றதெல்லாம் மண்.
அடிவானம் வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது.
துசியந்தன் பெரிதாக்கினான், சிறிதாக்கினான்.
"இவ்வளவு வெறும் இடம் என்னத்துக்கு?
வெட்டிவிடட்டோ?"

"வெட்டாதை."

அந்த வெறும் இடத்தில்
யசிந்தாவின் வைகாசி முழுக்க இருக்கிறது.
என் வலது முழங்கால் இருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆணி,
மீன்ரின் மூடிகள், வளைந்த கரண்டி ஒன்று,
எண்ணி எழுதி வெடிக்கவைத்து முடித்த ஏழு.
ஒன்றுமில்லாமல் ஆக
எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை
இருபது வயதுக்காரனுக்கு
எந்தக் கட்டத்தில் வைத்துக் காட்ட?

"அப்ப அடிவானத்தையாவது
நிமித்தித் தரட்டோ?" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். சரிவுதான்.
மாடு அந்தச் சரிவில்
தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"விடு" என்றேன்.
"நல்லா வந்திருக்குப் போல."